அந்தக் காலத்து அடக்கம்

நாகரசம்பட்டிக் கடிதம்

பழைய அரிசிக்கும் பழம் புளிக்கும் உள்ள மதிப்பு புதியதற்கு இல்லை என்பது குடித்தனம் நடத்துகிறவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். ஸினிமா நடிகைகளின் சங்கதியும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நடிகை திரையிலே பிரகாசிக்கிற காலத்தில், "இவளைப் பார்த்துத்தான் ஊரிலுள்ள பெண்களெல்லாம் கெட்டுப் போகிறார்கள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐம்பது வருஷம் கழிந்த பிறகு அதே நடிகையின் படத்தைக் காட்டி, "ஆகா! அந்தக் காலத்து அடக்கம் இனி யாருக்கு வரும்?" என்று அந்தப் பெரியவர்களின் பிள்ளைகள் பெருமூச்சு விடுவார்கள். படத்திலிருக்கும் நடிகை மாறவில்லை. அவள் கட்டிய புடவையும் மாறவில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் வயதாகிவிட்டது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பழைய மோஸ்தர் மறுபடியும் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரிக் கடைத் தெருவில் பஃப் கை ரவிக்கையும், பெரிய கட்டம் போட்ட புடவையும், காதை மறைக்கும் ஜிமிக்கியும் தொங்குகின்றன. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் பாட்டுக்களைப் பார்த்து, ஆண்டு விழாவுக்கு அதே மாதிரி வேஷம் கட்டவேண்டும் என்கிறார்கள். பெற்றோருக்கும் பரம சந்தோஷம். "இப்படியல்லவா பெண்கள் இருக்கவேண்டும்!" என்று மெச்சுகிறார்கள். மறுநாள் அதே பெண் தனக்குப் பிடித்த ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டால், "அந்தக் காலத்து நடிகைகளைப் பார்த்தாவது புத்தி வரவேண்டாமா?" என்று அதே நடிகைகள் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள்.

சாட்சியாக வருகிறவர்களைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்ப்பதில் தவறில்லை அல்லவா?

*

தமிழின் முதல் டாக்கியான 'காளிதாஸ்' 1931-ஆம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி சென்னையில் வெளியாயிற்று. கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி, டைரக்டர் எச். எம். ரெட்டி. படம் எடுத்த இடம் பம்பாய். அதே வருஷம் 'ஆலம் ஆரா'வை எடுத்த ஆர்தேஷிர் இரானியின் கம்பெனிதான் இதையும் எடுத்தது. சென்னையில் ஏ. நாராயணன் 1934-ல் டாக்கி ஸ்டுடியோ ஏற்படுத்தும் வரையில், நம் நடிகைகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிப் போய்த்தான் தமிழ் பேசினார்கள்.

ஆகவே அக்காலத்துப் படங்களின் உடை பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து வந்தது. நாடக மேடையின் உடையோ சுவரில் மாட்டிய படத்திலிருந்து வந்தது. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சுக்கூடம், லக்ஷ்மிக்கும் ஸரஸ்வதிக்கும் தமயந்திக்கும் புடவை கட்டி வீடுதோறும் அனுப்பிவிட்டது. தேவலோகத்துப் பெண்கள் எப்படி உடுத்துவார்கள் என்ற சந்தேகம் அதன் பிறகு யாருக்கும் வரவில்லை. ஆறு கஜப் புடவை, முன்னே கொசுவம், இடது தோளில் தலைப்பு, மேலே தைத்த ரவிக்கை என்று இன்று நாம் 'பரம்பரை உடை' என்று பெருமைப்படுகிறோமே, அந்தக் கட்டு பல வீடுகளில் பாட்டிமாருக்கு முந்தின தலைமுறைக்குப் புதியது. வங்காளத்தில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி 1870-களில் பம்பாய்ப் பக்கத்துக் கட்டைப் பார்த்து வந்து பரப்பிய புது மோஸ்தருக்கும் அதற்கும் உறவு உண்டு. அவரும் அந்தக் காலத்தில் ஏச்சு வாங்கியவர்தான்.

டாக்கி வந்தவுடன் உடைக்கு ஒரு புது எஜமானன் வந்தான். அவன் பெயர் மைக். கண்ணாடி வளையல் குலுங்கினால் அவனுக்குப் பிடிக்காது. மொடமொடப்பான துணி சலசலத்தால் வசனம் கேட்காது. காமிராவுக்கோ வேறு தொல்லை. அதற்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. வெளிச்சமும் இருட்டுமே தெரியும். அரக்குப் புடவையில் பச்சைக் கரை நேரில் எவ்வளவு அழகாயிருந்தாலும், இரண்டும் ஒரே அளவு கருமையாயிருந்தால் திரையில் கரை மறைந்துவிடும். ஆகையால் அகலக் கரை, பெரிய கட்டம், பளபளக்கும் ஜரிகை, கறுப்புக்குப் பக்கத்தில் வெளுப்பு ஆகியவற்றுக்கு மதிப்பு ஏறிற்று. இன்று நாம் 'பழைய நடிகை மோஸ்தர்' என்று மயங்குவதில் பாதி காமிராவின் பார்வைக் குறையால் ஏற்பட்ட அழகு! முகத்துக்குப் போட்ட பூச்சும் அப்படித்தான். ஜெமினி ஸ்டுடியோவில் 'பான்கேக்' என்ற அந்தப் பூச்சு லாரி லாரியாக வந்து இறங்கியதாக, அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் எழுதியிருக்கிறார்.

ராஜலக்ஷ்மியிடம் திரும்புவோம். திருவையாற்றில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதிலேயே கலியாணமாகி, அந்த வாழ்க்கை நிலைக்காமல், வயிற்றுப் பாட்டுக்காக நாடகத்தில் சேர்ந்தவர். 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்துக்குக் கதை எழுதி, தாமே டைரக்ட் செய்து, தாமே நடித்தார். தென்னிந்தியாவில் படம் டைரக்ட் செய்த முதல் பெண்மணி அவரே. அவருடைய புடவைக் கட்டை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்வதில்லை.

*

உடையைப் பற்றி ஒரு முழு வாதமே நடத்திய படம் ஒன்று உண்டு. அதுதான் 'தியாக பூமி'. கல்கி எழுதிய கதையை டைரக்டர் கே. சுப்பிரமணியம் 1939-ல் படமாக எடுத்தார். 'ஆனந்த விகடன்' அந்தக் கதையைத் தொடராக வெளியிட்டபோது, சித்திரத்துக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளையே போட்டோவாக அச்சிட்டது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்த பெண்கள், கதாநாயகியாக நடித்த எஸ். டி. சுப்புலக்ஷ்மி வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறாள் என்பதைக் கொட்டகைக்குப் போகாமலே கவனித்தார்கள்.

கதாநாயகி சாவித்திரி ஒரு கிராமத்துப் பெண். பட்டணத்து நாகரிகத்தில் மோகங்கொண்ட புருஷனுக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவளுடைய கட்டும் நடையும் கர்நாடகமாம்! துரத்தப்பட்ட அவள், பிறகு அத்தையின் சொத்து கிடைத்து 'உமா ராணி' என்ற சீமாட்டியாகத் திரும்பி வருகிறாள். இப்போது புருஷன் ஓடி வந்து, "என்னோடு சேர்ந்து வாழவேண்டும்" என்று கோர்ட்டுக்குப் போகிறான். அவள் சேர்ந்து வாழ மறுத்து, "வேண்டுமானால் ஜீவனாம்சம் கொடுக்கிறேன்" என்கிறாள். பெண் புருஷனுக்கு ஜீவனாம்சம் தருவதா என்று சபை கலகலத்துப் போயிருக்கும். முடிவில் அவள் செல்வத்தையெல்லாம் விட்டு விட்டுத் தேசத் தொண்டில் இறங்குகிறாள். தேச சேவைக்கு அழைக்கும் பாட்டை டி. கே. பட்டம்மாள் பாடினார். 1940-ல் அரசாங்கம் படத்துக்குத் தடை விதித்தது.

இந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கர்நாடகக் கட்டில் இருந்தபோது அவளைத் துரத்தினார்கள். நாகரிக உடையில் வந்தபோது ஓடி வந்தார்கள். இரண்டு தடவையும் அவளைப் பார்க்கவில்லை, புடவையைத்தான் பார்த்தார்கள். மூன்றாவது உடையை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அதைக் கண்டுதான் ஸர்க்கார் பயந்தது.

படத்தில் குழந்தையாக நடித்த பேபி சரோஜா அதற்கு இரண்டு வருஷம் முன்பு 'பாலயோகினி'யிலேயே ஊரை மயக்கியிருந்தாள். அந்தக் காலத்தில் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சரோஜாப் பாட்டி இருந்தால், யார் ஞாபகமாக அந்தப் பெயர் வந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

*

அக்காலத்து நடிகைகளில் மூன்று பேர் மூன்று விதமாக உடுத்தினார்கள். 'இந்தப் பெண் யார்?' என்று ஊர் ஓயாமல் கேட்ட ஒரே கேள்விக்கு, மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள்.

முதலாவது, கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் காலமானபோது அம்மைக்கு வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி; இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம். கைம்பெண் வெள்ளை உடுத்துவது அன்றைக்குப் புதுமையன்று. ஆனால் வெள்ளை உடுத்தியவள் வீட்டு மூலையில் உட்காரவேண்டும் என்பது ஊர் விதி. இந்த அம்மையோ அந்த வெள்ளையோடு மேடைக்கு வந்தார். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நடிக்க ஒரு லக்ஷம் ரூபாய் பெற்றார். தங்கம் பவுன் முப்பது ரூபாய்க்குக் கீழே விற்ற காலம் அது! படத்தில் அவர் போட்டது புருஷ வேஷம், அதுவும் ஒரு பண்ணையாளின் வேஷம். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-ல் சென்னைச் சட்டசபை மேல்சபையில் அங்கத்தினரானார். ஊர் துக்கத்தின் அடையாளமாகக் கொடுத்த சேலையை அவர் தம்முடைய கொடியாக்கிக்கொண்டார்.

இரண்டாவது, மதுரை எம். எஸ். சுப்புலக்ஷ்மி. 1938-ல் 'சேவாஸதனம்' முதல் 1945-ல் 'மீரா' வரையில் விரல் விட்டு எண்ணக்கூடிய படங்களே. இவரும் 1941-ல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக ஆண் வேஷம் போட்டவர். அந்த வருமானம் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவியது என்பது பலர் அறிந்த செய்தி. இரு பக்கமும் வைர மூக்குத்தி, கொண்டையைச் சுற்றி மல்லிகை, அளவான கரை போட்ட பட்டு, குங்குமம் என்ற இந்தத் தோற்றத்தைப் பார்த்துப் பார்த்து, 'குடும்ப ஸ்திரீ என்றால் இப்படித்தான்' என்று சபைகள் தீர்மானித்தன. காஞ்சீபுரத்து முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த ஒரு நீலத்துக்கு 'எம். எஸ். நீலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நினைத்துப் பாருங்கள். இசையையும் நாட்டியத்தையும் குலத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களின் பெண்களைக் கௌரவமான வீடுகள் வாசலோடு நிறுத்திய காலம் அது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமே சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது. வீணை ஷண்முகவடிவின் மகள் தம் உடையாலும் ஒழுங்காலும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து, வீட்டுப் பெண்களுக்கே முன்மாதிரி ஆனார். அந்தப் புடவைக் கரையின் ஒழுங்கிலே எவ்வளவு ஜாக்கிரதை இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு மலைப்பாயிருக்கிறது.

மூன்றாவது, தஞ்சாவூர் டி. ஆர். ராஜகுமாரி. இவர் ஜாக்கிரதையைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1944-ல் வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தில் இவர்தான் மயக்கும் தாசி. பளபளப்பும், ஓரப் பார்வையும், உடம்பெல்லாம் நகையுமாக இவர் வந்தபோது கொட்டகைக்கு வெளியே ஜனங்கள் துணிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். யுத்த காலம், 1943 முதல் துணிக்குக் கட்டுப்பாடு. படத்துக்குக்கூட 11,000 அடிக்கு மேல் பிலிம் கூடாது என்று உத்தரவு. கட்டுவதற்குப் புடவை கிடைக்காத பெண்கள் திரையிலே ஒருத்தி புடவையும் நகையுமாக ஜொலிப்பதைப் பார்த்துச் சிறிது நேரம் கவலை மறந்திருப்பார்கள். 1948-ல் எஸ். எஸ். வாஸனின் 'சந்திரலேகா' முரசு நாட்டியத்தில் இவர் அணிந்த உடையைத் தாய்மார்கள் 'அடக்கம்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது நிச்சயம். பிற்பாடு அவர் தியாகராய நகரில் தம் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். தமிழ் நாட்டில் சொந்தத் தியேட்டர் வைத்த முதல் நடிகை அவர்.

வெள்ளைச் சேலைக்காரி சட்டசபைக்குப் போனார். நீலப் பட்டுக்காரி பாரத ரத்னம் ஆனார். ஜரிகைக்காரி தியேட்டர் முதலாளி ஆனார். இந்த மூவரில் 'அந்தக் காலத்து அடக்கம்' எது என்று யாராவது சொல்ல முடியுமா? மூன்று பேருக்கும் பொதுவாயிருந்தது ஒன்றே. என்ன உடுத்துவது என்பதை அவரவரே நிச்சயித்தார்கள். அதற்குரிய விலையையும் அவரவரே கொடுத்தார்கள்.

*

எங்கள் ஜில்லாவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கிருஷ்ணகிரி ஜில்லா 2004-ல் ஏற்பட்டது. அதற்கு முன்னே தர்மபுரி. 1965-க்கு முன்னே நாங்களெல்லாம் சேலம் ஜில்லா. அந்தச் சேலத்தில்தான் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1940-ல் அங்கே எடுத்த 'உத்தம புத்திர'னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்டார், கதாநாயகி எம். வி. ராஜம்மா எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கன்னடப் பெண். 1956-ல் அதே கம்பெனி எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழு நீளக் கலர் படம். கதாநாயகி பி. பானுமதி. இருபத்தைந்து வருஷம் சாம்பல் நிறத்திலே புடவை பார்த்துப் பழகிய கண்களுக்கு அன்றுதான் நிறம் தெரிந்தது.

கலர் வந்த பிறகு ஆட்சி செய்தவர்களில் ஒருவர் பங்களூரில் பிறந்த பி. சரோஜாதேவி. மை தீட்டி நீட்டிய கண்ணும், உயர்ந்த கொண்டையும், 'புதிய பறவை'யில் (1964) அவர் கட்டி வந்த புடவைகளும் ஒரு தலைமுறைக்குப் பாடமாயிருந்தன. 2025 ஜூலையில் அவர் காலமானபோது, எங்கள் பக்கத்து வீடுகளில் சொந்தக்காரி போய்விட்ட மாதிரி பேசிக்கொண்டார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுகிற ஊர்களில் அது இயற்கைதான்.

பட்டும் எல்லை பார்க்காத சரக்கு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் மல்பெரிச் செடி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். எல்லைக்கு அப்பால் மைசூரில் 1912-ல் மகாராஜா காலத்தில் ஏற்பட்ட பட்டு நெசவாலை, மெல்லிய வழுவழுப்பான சேலைக்குப் பெயர் வாங்கியது. காஞ்சீபுரம் கனம், மைசூர் வழவழப்பு. எங்கள் ஜில்லா வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். நடுவில் ஒரு வார்த்தை: எங்கள் தாலுகாவின் தலைநகர் போச்சம்பள்ளி. 'போச்சம்பள்ளிச் சேலை' என்று கேட்டுக்கொண்டு யாரும் இங்கே பஸ் ஏறி வந்துவிட வேண்டாம். அது தெலுங்கானாவில் உள்ள போச்சம்பள்ளி. 1951-ல் வினோபா பாவே பூதானம் தொடங்கிய ஊர். எங்கள் போச்சம்பள்ளிக்கு வந்தால் சந்தை பார்க்கலாம். பருவத்தில் மாம்பழம் வாங்கலாம்.

*

எங்கள் தெருவில் எண்பது வயது கடந்த ஓர் அவ்வா இருக்கிறார். அவருடைய பேத்தி என்னிடம் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். ஆண்டு விழாவுக்குப் பழைய மோஸ்தரில் ரவிக்கை தைப்பது பற்றிப் பேசுவதற்காக நான் போயிருந்தபோது, பேத்திக்கும் அவளுடைய தகப்பனாருக்கும் வேறொரு சட்டையைக் குறித்து வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கை கொஞ்சம் குட்டையாம். தகப்பனார் வழக்கம் போல் பழைய நடிகைகளைச் சாட்சிக்கு அழைத்தார்.

அவ்வா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏண்டா, நான் பஃப் கை ரவிக்கை தைச்சுக்கிட்டப்ப எங்க நாயனா என்ன பண்ணினார் தெரியுமா? டெண்டுக் கொட்டகையிலே பார்த்துட்டு வந்து ஆசையாத் தைச்சேன். ஒரு நாள்தான் போட்டேன். 'கூத்தாடிச்சி மாதிரி கை என்ன கை'ன்னு அதைக் கழட்டச் சொல்லி அடுப்பிலே போட்டுட்டார். நீ அடக்கம்னு சொல்றியே, அந்தக் கைதான்டா அது!"

தகப்பனார் பதில் சொல்லவில்லை. அவ்வா என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, இவளுக்கு நல்லாப் புடைப்பா வெச்சுத் தைக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த வீட்டில் வேறொரு பிரச்னையும் இருந்தது. அவ்வாவின் கலியாணப் புடவை. அரக்கு உடம்பு, பச்சைக் கரை, உடம்பும் கரையும் தனித் தனியே ஓடி இழைக்கு இழை கோத்து நெய்த கோர்வை வேலை. மூன்று ஓடம் வைத்து, துணைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து நெய்யவேண்டிய நெசவு அது. "பழைய பட்டுப் புடவை வாங்குறது" என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வருகிறார்களே, அவர்கள் இந்தப் புடவைக்கு ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது புடவையல்ல, ஜரிகை. பட்டு இழையில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. ஜரிகைப் பாகத்தைக் கத்தரித்து நெருப்பில் இட்டால் பட்டு எரிந்துபோய் வெள்ளி மிஞ்சும். வெள்ளி விலை ஏறியிருக்கிற இந்த நாளில் அது நல்ல வியாபாரம். பேத்தியின் படிப்புக்குப் பணம் வேண்டும். விற்கலாமா என்று வீட்டில் யோசிக்கிறார்கள்.

'விற்காதீர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்ணின் படிப்பைவிடப் புடவை பெரிதென்று சொல்வது வாத்திச்சிக்கு அழகல்ல. ஆனால் ஒன்று சொன்னேன். அதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று உலகத்தில் எங்கும் இல்லை. அக்காலத்துத் தமிழ்ப் படங்களில் பெரும் பகுதி அப்படியே போயின. பிலிமிலும் வெள்ளி உண்டு. பழைய பிலிமை வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு! எஞ்சியிருக்கிற படங்களோ கறுப்பு வெள்ளை. உங்கள் அவ்வாவும் பாட்டியும் அத்தையும் அந்தப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, பணம் சேர்த்து, சண்டை போட்டு வாங்கிய புடவைகளில்தான் அந்தக் காலத்தின் நிறம் மிச்சமிருக்கிறது. மாம்பழ மஞ்சளும், மயில்கழுத்தும், வெங்காயச் சருகும், கத்தரிப்பூவும் எந்தத் திரையிலும் இல்லை. வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அவையும் அடுப்புக்குப் போனால், பிறகு அந்தப் பெண்களின் ஆசைக்குச் சாட்சி கிடையாது. 'எல்லோரும் அடக்கமாயிருந்தார்கள்' என்ற ஒரு வார்த்தைதான் பாக்கியிருக்கும்.

ஆகையால், விற்பதானாலும் அதற்கு முன்பு ஒரு நாள் அந்தப் புடவையைப் பகல் வெளிச்சத்தில் முழுவதும் விரித்துக் கலர்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு, கரை, முந்தானை மூன்றையும் தனித் தனியே எடுங்கள். எந்த வருஷம், எந்த ஊர்க் கடை, என்ன விலை, யார் வாங்கிக் கொடுத்தது, யார் வேண்டாமென்றது, எந்த நடிகையைப் பார்த்து இந்த நிறம் கேட்டது என்பவற்றைச் சொந்தக்காரியிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வைத்துக்கொள்வதானால், பழைய பருத்தி வேஷ்டித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை முறியும். வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படவேண்டாம், கறுத்துவிடும்.

என் வகுப்புப் பெண்களுக்கு இந்த வேலையைத்தான் கொடுத்திருக்கிறேன். வந்திருக்கும் நோட்டுக்களைப் படித்தால் சரித்திரப் புஸ்தகத்தில் இல்லாத சரித்திரமெல்லாம் தெரிகிறது. ஒரு பாட்டி, கோண வகிடு எடுத்ததற்காக ஒரு வாரம் மாமியார் பேசவில்லை என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு பாட்டி, முதல் ஜார்ஜெட் புடவையைப் புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் ஒரு வருஷம் வைத்திருந்தாராம். மூன்றாவது பாட்டி, தாம் ஒரு மோஸ்தரும் செய்ததில்லை என்றும், செய்ய விட்டிருந்தால் செய்திருப்பேன் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சிவப்பு மையால் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

அவ்வாவின் புடவை இது எழுதும் வரையில் பெட்டியில்தான் இருக்கிறது. பேத்தி அதைப் படம் எடுத்து, அவ்வா சொன்னதை நான்கு பக்கம் எழுதி முடித்துவிட்டாள். ஆண்டு விழாவுக்கு அவள் அதையே கட்டப் போகிறாள். ரவிக்கைக்குப் பஃப் கை தையற்காரரிடம் கொடுத்தாயிற்று. மற்றச் சட்டை விஷயத்தில் தகப்பனார் இன்னும் இறங்கிவரவில்லை. ஆனால் பழைய நடிகைகளைச் சாட்சிக்கு அழைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார் என்று கேள்வி.